ஜூலையில் மூன்று இரவுகள்

ஒலவாரியாவில், சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில்
பல் செட் செய்கிறவள் நான்.
ஜூலை வந்தால் கடையைப் பூட்டிவிட்டு
மூன்று நாள் புவெனஸ் ஐரிஸ்.
அண்ணன் அன்செல்மோ பஸ் நிலையத்தில் நிற்பான்.
பையை வாங்கிக்கொண்டு முதலில் கேட்பான்:
"அங்கே குளிரா?"
ஆமாம் என்றால், "இங்கேயும்தான்."
இருபது வருடமாக எங்கள் பேச்சு இவ்வளவுதான்.
மிச்சத்தை நாடகக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

கொரியந்தெஸ் தெரு
ராத்திரி பதினொன்றுக்கும் கண் மூடாது.
புத்தகக் கடை, பீட்சா கடை, தியேட்டர்,
மறுபடி பீட்சா கடை, மறுபடி தியேட்டர்.
விளம்பரப் பலகையில் ஒரு நடிகையின் மூக்கு மட்டும்
என் கடைக் கதவு உயரம்.
பாதி விலை டிக்கெட் ஜன்னலில்
அண்ணி எல்பா பேரம் பேசுகிறாள்,
அழுகல் தக்காளிக்குப் பேசுவதுபோல.
பக்கவாட்டில் இரண்டு, தூணுக்குப் பின்னால் ஒன்று.
"தூண் அவருக்கு.
எப்படியும் தூங்கத்தானே போகிறார்."

தூங்கினான்.
கோடீஸ்வரன் செத்ததும் தலை சாய்ந்தது.
உயிலைப் படிக்கும்போது வாய் திறந்தது.
கள்ள மகன் வந்து மேஜையில் குத்தியபோது மட்டும்
"பின்னால் நகருங்கள், இடம் இருக்கிறது"
என்று உரக்கச் சொல்லிவிட்டு
மறுபடி மூழ்கிப்போனான்.
முப்பத்தொரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவன்.
முன்வரிசையில் இரண்டு பேர்
நிஜமாகவே எழுந்து நகரப் பார்த்தார்கள்.

மறுநாள் சினிமா. மதியக் காட்சி.
எனக்கு முன்னால் ஒரு கொண்டை.
கொண்டைக்கு இடப்பக்கம் கதாநாயகி அழுதாள்,
வலப்பக்கம் கப்பல் போனது.
எல்பாவும் அழுதாள்,
அழுதுகொண்டே என் மடியில் வேர்க்கடலை கொட்டினாள்.
வெளியே வந்து, நின்றபடியே பீட்சா.
அண்ணன் தூங்கிய முக்கால் மணி நேரத்தை
ஆளுக்குப் பாதியாகச் சொன்னோம்.
எல்பா சொன்ன கதையில் அவன் திரும்பி வருகிறான்.
நான் பார்த்ததில் வரவில்லை.
ஒரே படம்தான்.
அண்ணன் இரண்டையும் சேர்த்து மென்று
"நல்ல படம்" என்றான்.

மூன்றாம் இரவு யமிலாவின் தியேட்டர்.
தியேட்டர் என்றால்,
சாவி வெட்டும் கடைக்கு மேலே
நாற்பத்திரண்டு மடக்கு நாற்காலி,
பதினேழில் ஆள்.
அண்ணன் மகள் நடிக்கவில்லை. விளக்கு.
பின்சுவரில் ஒரு துவாரம்,
அதற்குள் எங்கோ அவள் விரல்கள்.
மேடையில் ஒரு அம்மா, ஒரு மகன், ஒரு ஃப்ரிட்ஜ்.
பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை.
ஆனால் அந்த ஜன்னலில் சாயங்காலம் வந்தது,
அவ்வளவு மெதுவாக,
வந்ததா வந்துகொண்டிருக்கிறதா என்றே தெரியாமல்,
முதலில் அம்மாவின் கை மங்கி,
பிறகு ஃப்ரிட்ஜின் கைப்பிடி...

திரும்பிப் பார்த்தேன்.
அன்செல்மோ விழித்திருந்தான்.
நடிகர்கள் பக்கம் கண் போகவில்லை.
கழுத்தை நீட்டி, உத்தரத்து விளக்குகளை
ஒவ்வொன்றாக,
கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்ப்பதுபோலப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
முழு இருட்டு விழுந்ததும்
ஒற்றை ஆளாகக் கைதட்டினான்.
மேடையில் அந்த மகன்
இருட்டிலேயே காத்திருந்து
மிச்ச வசனத்தைச் சொன்னான்.

பீட்சா கடையில் யமிலாவுக்கு ஆத்திரம்.
"அப்பா, அது முடிவு இல்லை."
"எனக்கு அங்கே முடிந்துவிட்டது."
பிறகு கொஞ்சம் யோசித்து,
இவ்வளவு விளக்குக்குக் கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள்
என்று கேட்டான்.
சிரிக்கக் கூடாதென்று அவள்
ஆலிவ் கொட்டையைக் காகிதத்தில் துப்பினாள்,
இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏதோ படம் ஓடியது.
ஒருத்தி யாருடைய கடிதத்தையோ
அடுப்புக்கு மேலே பிடித்திருந்தாள்.
கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது.
விழித்தபோது திரை கறுப்பு,
வெளியே வேலிக் கம்பிகளில் உறைபனி.
எரித்தாளா என்று கேட்கலாமென்றால்
பக்கத்து சீட்டுக்காரர்
வாய் திறந்து தூங்குகிறார்.
மேல் செட். நல்ல வேலைப்பாடு.
என் கடையில் செய்தது இல்லை.